பரங்கிப் பூ உதிர்கிறது, தேனீ வரவில்லை: ஊராகச் சேர்ந்து என்ன செய்யலாம்?

கொல்லைமேடு (கணியம்பாடி)

வணக்கம். வேலூர் மாவட்டம் கணியம்பாடிக்குத் தெற்கே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. பாதியில் மல்லாட்டை (வேர்க்கடலை), மீதியில் பரங்கி, பாகல், கொஞ்சம் வெள்ளரி. மூன்று வருஷமாக ஒரே தொந்தரவு. பரங்கியில் பெண் பூ வருகிறது, அடியில் குட்டிப் பிஞ்சும் இருக்கிறது. நாலாம் நாள் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்துவிடுகிறது. வெள்ளரி ஒரு பக்கம் பருத்து மறு பக்கம் சூம்பிப் போய், கொக்கி மாதிரி வளைகிறது. உரத்தை மாற்றினோம், போரான் சத்து தெளித்தோம், தண்ணீரைக் கூட்டினோம். எதற்கும் கேட்கவில்லை.

போன வாரம் விடியற்காலையில் கொல்லைக்குப் போனேன். அம்மா ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவில் தேய்த்துக்கொண்டு நிற்கிறார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "யாரும் சொல்லல. ஈ வரல, அதான் நான் செய்யறேன்" என்றார். அவருக்கு 64 வயது. குனிந்து குனிந்து ஒவ்வொரு பூவாகத் தேடிப் போகிறார். அதைப் பார்த்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கே போய் வரப்பில் உட்கார்ந்தேன். ஏழரை வரைக்கும் பார்த்தேன். முப்பதுக்கு மேல் பூ விரிந்திருந்தது. வந்தவை மூன்று சின்னத் தேனீ, ஒரு கருவண்டு, அவ்வளவுதான். சின்ன வயதில் இதே கொல்லையில் பரங்கிப் பூவைப் பறிக்கக் கையை விட்டால் உள்ளே ரீங்காரம் கேட்கும், பயந்து கையை இழுத்துக்கொள்வோம்.

ஏழு மணிக்குப் பக்கத்துக் கொல்லையில் கத்தரிக்கு மருந்து அடிக்க ஆரம்பித்தார்கள். அவரையும் குறை சொல்ல முடியாது. மருந்து அடிக்கிற ஆள் காலையில்தான் கிடைக்கிறார்.

இன்னொரு விஷயம். எங்கள் ஊர் தண்ணீர் டேங்கின் அடியில் மலைத்தேனீ பெரிய அடை கட்டியிருக்கிறது. பந்தம் கட்டிக் கொளுத்திவிடலாம் என்று ஊரில் பேச்சு நடக்கிறது. அடுத்த வாரம் கூட்டம். நான் எழுந்து பேச வேண்டும். ஒரு தேனீப் பெட்டி வாங்கி வைப்பதோடு இது தீருமா, இல்லை ஊரே சேர்ந்து செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாடித்தோட்டம் (சத்துவாச்சாரி)

தம்பி, உங்கள் அம்மா செய்வதைத்தான் நான் நாலு வருஷமாக மாடியில் செய்கிறேன். எனக்குப் பத்து செடி, முடிந்துவிடும். கொல்லை முழுக்க எப்படி முடியும்? சுரைக்குச் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் தேய்க்க வேண்டும், அது அப்போதுதான் விரியும். பரங்கியும் பாகலும் விடிகாலையில். இது புரியாமல் முதல் வருஷம் எல்லாவற்றுக்கும் காலை எட்டு மணிக்குத் தேய்த்தேன், சுரை ஒன்றுகூட நிற்கவில்லை.

துளசியைப் பூக்க விடுங்கள். கதிர் வந்தவுடன் கிள்ளிவிடுகிறோம் அல்லவா, நான் நாலு தொட்டியை மட்டும் கிள்ளாமல் விட்டேன். இரண்டே மாதத்தில் சின்ன ஈ வர ஆரம்பித்தது. நகரத்தின் நடுவில், இவ்வளவு கான்கிரீட்டில் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

வேளாண் மாணவி (ஆற்காடு)

அண்ணா, பெட்டி வாங்கும் முன் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். பெட்டியில் வளர்க்கிற இந்தியத் தேனீ, அடுக்குத் தேனீ என்றும் சொல்வோமே, அது இரை தேடி ஒரு கிலோமீட்டர், ஒன்றரைக் கிலோமீட்டர் வரை போகும். கூட்டிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் என்று வைத்தாலே 314 ஹெக்டேர். ஏக்கரில் சொன்னால் 776. உங்கள் ஒன்றரை ஏக்கரில் நீங்கள் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும், மிச்சம் எழுநூற்றுச் சொச்சம் ஏக்கரில் என்ன நடக்கிறதோ அதுதான் உங்கள் பெட்டியின் தலையெழுத்து. தேனீக்குப் பட்டா எல்லை கிடையாது. அதனால் இது தனி ஆள் செய்து முடிக்கிற வேலை இல்லை. கூட்டத்தில் இந்தக் கணக்கைத்தான் முதலில் சொல்லுங்கள்.

எந்தத் தேனீ எங்கே இருக்கும் என்பதும் ஊருக்குத் தெரிய வேண்டும். மலைத்தேனீ டேங்க், பாறை, ஆலமரம் என்று உயரத்தில், வெட்டவெளியில் ஒரே பெரிய அடை கட்டும். கொம்புத்தேனீ புதரில் குச்சியைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு ஒரே அடை. அடுக்குத் தேனீ மரப் பொந்தில், பழைய கிணற்றுச் சுவர் இடுக்கில், வரிசையாகப் பல அடை. கொசுத்தேனீக்குக் கொடுக்கே கிடையாது, சுவர் ஓட்டையில் மெழுகால் குழாய் மாதிரி வாசல் வைத்திருக்கும். வீட்டுச் சுவரில் அந்தக் குழாயைப் பார்த்தால் சிமெண்ட் வைத்து அடைத்துவிடாதீர்கள். நீங்கள் பார்த்த கருவண்டும் முக்கியம், முருங்கைப் பூவில் பெரும்பாலான வேலையை அதுதான் செய்கிறது. காய்ந்த கட்டையைத் துளைத்து உள்ளே குடியிருக்கும்.

கூட்டத்தில் யாராவது "ஐன்ஸ்டைன் சொன்னார், தேனீ அழிந்தால் நாலு வருஷத்தில் மனிதன் அழிவான்" என்று சொல்லக் கூடும். அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அப்படி மிகைப்படுத்தத் தேவையும் இல்லை. நெல்லுக்குப் பூச்சி வேண்டாம். மல்லாட்டை தன் பூவிலேயே சேர்ந்துகொள்ளும். ஆனால் பரங்கி, பாகல், வெள்ளரி, தர்பூசணி, சூரியகாந்தி, இவற்றுக்குப் பூச்சி வந்தே ஆக வேண்டும். நம் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு அது ஒன்றே போதுமான காரணம்.

மாந்தோப்பு (பேரணாம்பட்டு)

நான் பட்டதைச் சொல்கிறேன், உதவும். ஆறு இந்தியத் தேனீப் பெட்டி வைத்தேன். முதல் வருஷம் நன்றாக இருந்தது, எல்லாம் சேர்த்து இருபது கிலோவுக்குக் கிட்ட தேன் எடுத்தேன். இரண்டாம் வருஷம் மூடியைத் திறந்தால் புழு எல்லாம் அறையில் தலையைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் கட்டிய பை மாதிரி செத்துக் கிடக்கிறது. தாய்லாந்து சாக்புரூட் என்கிற வைரஸ் நோய் என்றார்கள். 1991, 92 வாக்கில் கேரளாவிலும் கன்னியாகுமரிப் பக்கமும் கூட்டம் கூட்டமாக இந்தியத் தேனீயை அழித்த அதே நோய். இதற்கு மருந்து இல்லை. பலமான கூட்டம் தானாகத் தேறும், பலவீனமானது போய்விடும். எனக்கு ஆறில் ஒன்று நின்றது. அதிலிருந்து பிரித்துப் பிரித்து இப்போது நாலு பெட்டி.

அப்போது ஒருவர் இத்தாலியத் தேனீ வாங்கச் சொன்னார். தேன் கூடுதலாக வரும், உண்மைதான். ஆனால் அதற்குப் பெரும் பரப்பில் பூ வேண்டும், இங்கே தீர்ந்தால் லாரியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். அது முழுநேரத் தொழில். கொல்லைக்கு மகரந்தம் சேர வேண்டும் என்று நினைக்கிறவர் நாட்டு ஈயே வைக்கட்டும். நூறு வருஷத்துக்கு முன் பாதிரியார் நியூட்டன் நம் ஈக்கு அளவெடுத்துச் செய்த பெட்டிதான் இன்றைக்கும் அதற்குப் பொருத்தம்.

வெயிலைக் கணக்கில் எடுங்கள். நம் வேலூரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை. கூட்டுக்குள் புழு இருக்கும் இடத்தை ஈ 35 டிகிரி வாக்கில் வைத்திருக்கும். கத்திரி வெயிலில் வெளியே நாற்பதைத் தாண்டும்போது தண்ணீர் கொண்டு வந்து தெளித்து, இறக்கையால் விசிறித்தான் அதைச் செய்ய முடியும். பக்கத்தில் தண்ணீர் இல்லையென்றால் ஈ கூட்டோடு கிளம்பிவிடும். புளியமர நிழலில் பெட்டியை வையுங்கள். பெட்டியின் காலுக்கு அடியில் எறும்பு ஏறாமல் இருக்கத் தண்ணீர்க் கிண்ணம். பத்தடி தள்ளி ஒரு மண் தட்டில் கூழாங்கல் போட்டு, கல் முங்காமல் தண்ணீர். முங்கினால் உட்கார இடம் இல்லாமல் ஈ விழுந்து சாகும்.

மருந்துக்கடை (குடியாத்தம்)

இருபது வருஷமாக விவசாய மருந்துக் கடை வைத்திருக்கிறேன். இதில் எனக்கும் பங்கு இருக்கிறது, அதனால் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். வருகிறவர் "சீக்கிரம் கேட்கிற மருந்தாகக் கொடுங்கள்" என்பார். பயிர் பூவில் இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. ஒரு வருஷமாகத்தான் கேட்கிறேன்.

இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம் என்கிற பூச்சிமருந்து இரண்டையும் செடி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பூவின் தேனிலும் மகரந்தத்திலும் வந்து சேரும். சாயங்காலம் அடித்தாலும் மறுநாள் காலைப் பூவில் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இவற்றையும் இதே வகை குளோத்தியானிடினையும் திறந்த வெளிப் பயிர்களில் தடை செய்தது. பூவிட்ட பயிருக்கு இவற்றை அடிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. மற்ற மருந்துகளை வெயில் தாழ்ந்து, ஈ கூட்டுக்குப் போனபின் அடிக்கலாம். பரங்கிப் பூ மதியத்துக்குள் மூடிவிடும், சாயங்காலம் அடித்தால் பூவுக்குள் மருந்து படாது. தூள் தூவுவதுதான் மோசம், மகரந்தம் மாதிரி ஈயின் மயிரில் ஒட்டிக் கூடு வரைக்கும் போய்விடும். வேப்ப எண்ணெயாக இருந்தாலும் சாயங்காலமே அடியுங்கள். தெளிப்பானை வாய்க்காலில் கழுவாதீர்கள், ஈ குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

ஆள் காலையில்தான் வருகிறார் என்பது நிஜமான சிக்கல். எங்கள் பக்கம் நாலு பேர் சேர்ந்து ஒரே ஆளுக்குச் சாயங்காலம் ஐந்தரையிலிருந்து தொடர்ந்து வேலை கொடுத்தார்கள். தனித்தனியாகக் கூப்பிட்டால் ஒரு டேங்க் மருந்து அடிக்க அவர் வரமாட்டார். மொத்தமாக இருந்ததால் வந்தார்.

அணைக்கட்டு அக்கா

எல்லாரும் தேனீக்காகப் பேசுகிறீர்கள். நான் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அப்பாவை ஏரிக்கரையில் மலைத்தேனீ கொட்டியது. யாரோ பையன்கள் கல் விட்டிருக்கிறார்கள், அந்த வழியாக மாடு ஓட்டி வந்தவர் மாட்டிக்கொண்டார். அறுபது எழுபது கொட்டு. நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். டேங்குக்குக் கீழேதான் பெண்கள் தண்ணீர் பிடிப்பார்கள், பிள்ளைகள் விளையாடுவார்கள். கொளுத்த வேண்டும் என்கிறவர்களைத் தவறாக நினைக்காதீர்கள். அவர்களுக்குப் பயம்.

பீஞ்சமந்தைக்காரன்

அக்கா, உங்கள் அப்பா இப்போது நலமா? அவர் பட்டதைக் கேட்டபின் லேசாகப் பேச முடியாது. எங்கள் மலையில் தாத்தா காலத்திலிருந்து தேன் எடுக்கிறோம், கொட்டு வாங்காத வீடு இல்லை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

மலைத்தேனீ தானாகக் கீழே இறங்கி வந்து கொட்டாது. கல், பட்டாசு, கீழே குப்பை எரிக்கிற புகை, இல்லை பருந்து அடிப்பது, இதில் ஏதாவது ஒன்று நடந்திருக்கும். கொளுத்தினால் பாதி ஈ எரியும், மீதி பாதி வெறி பிடித்து ஊருக்குள் இறங்கும். கொளுத்துவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான வழி. விட்டுவிட்டால் பூ இருக்கும் வரை இருந்துவிட்டு, சில மாதத்தில் கூட்டத்தோடு வேறு இடம் போய்விடும். காலி அடை மட்டும் தொங்கும்.

ஆனால் ஒன்றைப் பார்க்க வேண்டும். டேங்குக்கு ஏறுகிற ஏணி எந்தப் பக்கம்? பதினைந்து நாளுக்கு ஒருமுறை டேங்க் கழுவி பிளீச்சிங் பவுடர் போட ஆபரேட்டர் ஏற வேண்டும் அல்லவா? அடை எதிர்ப்பக்கம் இருந்தால், விடியும் முன் சத்தமில்லாமல் ஏறி இறங்கலாம், டார்ச் வெளிச்சம் அடைமேல் படக் கூடாது. ஏணிக்குப் பக்கத்திலேயே இருந்தால் அவர் உயிரை வைத்து யாரும் பேசக் கூடாது. பழக்கமானவர்களைக் கூப்பிட்டு, இருட்டில் புகை போட்டு, எரிக்காமல் கிளப்பிவிடுவதுதான் சரி.

தேன் எடுப்பதற்கும் முறை உண்டு. அடையில் மேல் மூலையில் திரண்டிருக்கும் பகுதி மட்டும் தேன். கீழே இருப்பது முழுக்க முட்டையும் புழுவும். தெரியாதவர்கள் மொத்த அடையையும் அறுத்துப் போடுகிறார்கள். நாங்கள் தேன் பகுதியை மட்டும் வெட்டிக்கொண்டு புழு அடையை விட்டுவிடுவோம். அடுத்த வருஷம் அதே பாறைக்கு ஈ திரும்பி வரும்.

கொட்டினால் கையால் அடிக்காதீர்கள், நசுங்கிய ஈயின் வாசனைக்கு மற்றதும் வரும். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ ஓட வேண்டும். தண்ணீரில் குதித்தால் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். தோலில் நிற்கிற கொடுக்கை நகத்தால் உடனே வழித்துவிட வேண்டும். நிறையக் கொட்டினாலோ, ஒரே கொட்டுக்கு மூச்சு இழுத்தாலோ, உதடு வீங்கினாலோ யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அணைக்கட்டு அக்கா

அப்பா நன்றாக இருக்கிறார் தம்பி. அவரிடம் இதைப் படித்துக் காட்டினேன். கல் விட்ட பையன்களைத்தான் திட்டினார், ஈயைத் திட்டவில்லை. டேங்கைச் சுற்றிக் கயிறு கட்டி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் சொல்லி வைத்தால் எனக்குச் சம்மதம்.

டீக்கடை (காட்பாடி)

எனக்குக் கொல்லை இல்லை, ஆனால் என் கடையிலும் தேனீ சாகிறது. பேப்பர் கப் போடுகிற கூடையில், அடியில் ஒட்டியிருக்கிற சர்க்கரைக்கு வந்து, ஈரத்தில் இறக்கை ஒட்டி அங்கேயே செத்துப் போகிறது. தினமும் குப்பையோடு கொட்டுவேன், கவனித்ததில்லை. ஒரு வாடிக்கையாளர்தான் காட்டினார். பேப்பர் கப்பால் தேனீ சாவதைப் பற்றி மதுரைப் பக்கத்து ஆராய்ச்சியாளர்கள் 2011-லேயே எழுதியிருக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது எனக்கு நெஞ்சு கனத்தது. பிளாஸ்டிக் பூசிய கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையே இருக்கிறது.

கண்ணாடி கிளாசுக்கு மாறிவிட்டேன். பார்சல் கேட்கிறவரைத் தூக்கு கொண்டுவரச் சொல்கிறேன். குப்பைக்கூடைக்கு மூடி போட்டேன். பக்கத்தில் கரும்பு ஜூஸ் போடுகிற அண்ணனும் சக்கையைச் சாக்கில் மூடி வைக்கிறார். எங்கள் வரிசையில் ஐந்து கடை இருக்கிறது, மற்ற மூவரிடமும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஏரிப் பாசனம் (ஒடுகத்தூர்)

எல்லாரும் மருந்தைப் பேசிவிட்டீர்கள், பசியையும் பேச வேண்டும். எங்கள் ஏரியில் வேலிக்காத்தானை (சீமைக் கருவேலம்) வேரோடு எடுத்தார்கள். நல்ல வேலை, எடுக்க வேண்டியதுதான். ஆனால் அதன் பூவை நம்பித்தான் ஈக்கள் இருந்தன என்பது எடுத்தபின்தான் தெரிந்தது. கரை மொட்டையாகிவிட்டது. சாலையோரப் புளியமரமும் போய்விட்டது. மாம்பூ முடிந்தால் வேம்பு, புங்கன், அதற்குப் பிறகு புளி என்று வரிசையாகப் பூத்த ஊர் இது. இடையில் ஒரு மரம் போனால் அந்த மாதம் ஈ பட்டினி.

நூறு நாள் வேலையில் ஏரிக்கரைக்கு மரம் வைக்கும்போது புங்கன், நாவல், வேம்பு என்று கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் எது கிடைக்கிறதோ அதை வைத்துவிட்டுப் போவார்கள். வரப்பில் தும்பை, மூக்குத்திப் பூவுக்குக் களைக்கொல்லி அடிக்காமல் விட்டாலே பாதிப் பசி தீரும். எங்கள் ஆயா தும்பைச் செடியை மிதிக்க விடமாட்டார். காரணம் கேட்டால் சாமிக்கு ஆகும் என்பார்.

கொல்லைமேடு (கணியம்பாடி)

கூட்டம் முடிந்தது. இரண்டு மணி நேரம் ஓடியது. நான் பேசும்போது கை நடுங்கியது, இருந்தாலும் 776 ஏக்கர் கணக்கைத் தெருவில் சுண்ணாம்பால் வட்டம் போட்டுக் காட்டினேன். "அப்போ என் மருந்து உன் பெட்டிக்கு வருமா?" என்று ஒருவர் கேட்டார். வரும் என்றேன். அதன் பிறகுதான் பேச்சு மாறியது.

டேங்கில் அடை ஏணிக்கு எதிர்ப்பக்கம்தான் இருக்கிறது. ஆபரேட்டர் விடியும் முன் ஏறிக் கழுவச் சம்மதித்தார், கொளுத்துவதில்லை என்று முடிவு. அக்கா சொன்னபடி கயிறு கட்டியாகிவிட்டது, தண்ணீர் பிடிக்கிற குழாயையும் முப்பதடி தள்ளி மாற்றுகிறார்கள். கல் விடும் பையன்களின் பட்டியல் வாத்தியாரிடம் ஏற்கெனவே இருந்ததாம், அவர்களையே காவல் போட்டிருக்கிறார்.

மருந்துதான் முழுசாக முடியவில்லை. தோட்டப் பயிர் வைக்கிற பதினேழு வீட்டில் பதினொரு வீடு சாயங்காலத்துக்கு ஒப்புக்கொண்டது. மருந்து அடிக்கிறவருக்குச் செவ்வாயும் வெள்ளியும் சேர்த்து வேலை கொடுக்கிறோம். ஆறு வீடு இன்னும் யோசிக்கிறது, அதில் பக்கத்துக் கொல்லைக்காரரும் ஒருவர். அவரிடம் நான் மறுபடி போகவில்லை. நேற்று அம்மா போய், பரங்கிப் பிஞ்சு இரண்டைப் பறித்துக்கொண்டு, வளைந்த வெள்ளரியையும் காட்டிவிட்டு வந்திருக்கிறார். என்ன பேசினார் என்று எனக்குச் சொல்லவில்லை.

பெட்டியைப் பற்றி: இப்போது வாங்கப் போவதில்லை. மருந்து ஒழுங்குக்கு வரட்டும். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் தேனீப் பயிற்சி எப்போது என்று கேட்க மூன்று பேர் போகிறோம்.

மாந்தோப்பு (பேரணாம்பட்டு)

சரியான முடிவு தம்பி. தயாரானதும் சொல்லுங்கள், என் நாலில் ஒன்றைப் பிரித்துத் தருகிறேன். காசு வேண்டாம். தை மாதம் மாம்பூ வந்தபின் பிரித்தால்தான் நிற்கும், மழைக்காலத்தில் கேட்டால் தரமாட்டேன்.

ஏரிப் பாசனம் (ஒடுகத்தூர்)

எங்கள் வீட்டில் புங்கன் நாற்று ஐம்பது இருக்கிறது, முழங்கால் உயரம். வண்டி இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பை கிழியாமல் இருக்கச் சாக்கு கொண்டு வாருங்கள்.

கொல்லைமேடு (கணியம்பாடி)

டாடா ஏஸ் பேசிவிட்டேன் ஐயா. காலை ஆறு மணிக்குப் பூ பார்த்துவிட்டுக் கிளம்பினால் எட்டுக்குள் உங்கள் வீட்டில் இருப்பேன்.